கட்டுமரம் நம் சொல், கரை யாருடையது?

காட்டுப்பள்ளிப் பக்கம் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒருநாள் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினோம். 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் பாய்மரப் படகுப் போட்டி அது. வெள்ளைப் பாய், ஒற்றை ஆள் படகு. படகு ஒரு பக்கம் சாயும்போது, போட்டியாளர் மறுபக்கம் உடம்பை வெளியே தள்ளி அதை நிமிர்த்துகிறார். பார்த்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “அக்கா, இது எங்க தாத்தா பண்ற வேலதான? அப்ப இதுல நம்ம ஊரு ஆளுங்க ஏன் யாரும் இல்ல?”

எங்களிடம் அப்போது பதில் இல்லை. “பணம் வேணும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். ஆனால் அது பாதிப் பதில்தான். மீதிப் பதில் வரலாற்றில் இருக்கிறது. அதைத் தேடியதில் எங்களுக்குக் கிடைத்ததை இங்கே எழுதுகிறோம்.

சொல் மட்டும் போய்ச் சேர்ந்தது

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். கடலில் மிதவைகளை நட்டு ஒரு பாதை குறிப்பார்கள். எஞ்சின் கிடையாது, காற்று மட்டுமே. ஒரே போட்டியில் முடிவு வராது. பல நாட்கள், பல சுற்றுகள். முதலில் வந்தால் 1 புள்ளி, இரண்டாவது வந்தால் 2 புள்ளி. கடைசியில் மிகக் குறைந்த புள்ளி வைத்திருப்பவரே வெற்றியாளர். ஆக, காற்று எந்தப் பக்கம் திரும்பும், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்பதை நாள்தோறும் சரியாகப் படிப்பவர்தான் ஜெயிக்க முடியும். எண்ணூர் முதல் பழவேற்காடு வரை கடலுக்குப் போகும் எவருக்கும் இந்த அறிவு புதிதல்ல.

1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இந்தப் போட்டியை வைத்திருந்தார்கள். வானிலை கெட்டதால் நடக்கவில்லை. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் தொடங்கியது. 1996 வரை இதன் அதிகாரப்பூர்வப் பெயர் ‘யாட்டிங்’. யாட் என்றால் செல்வந்தர்களின் உல்லாசப் படகு. 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்துதான் ‘செய்லிங்’, அதாவது பாய்மரப் படகோட்டம் என்று பெயர் மாறியது. நூறு ஆண்டுகளாக இது யாருடைய விளையாட்டு என்பதைப் பெயரே சொல்லிக்கொண்டிருந்தது.

அதே ஒலிம்பிக்கில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: ‘கேட்டமரான்’. இரட்டை உடல் கொண்ட படகுக்கு அந்தப் பெயர். 1976 மான்ட்ரியல் முதல் 2008 பெய்ஜிங் வரை ‘டொர்னாடோ’ என்ற கேட்டமரான் வகை ஒலிம்பிக்கில் இருந்தது. 2016 முதல் ‘நாக்ரா 17’ என்ற கேட்டமரானில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓட்டுகிறார்கள். அந்தச் சொல் நம் கட்டுமரம்தான். ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மரங்களைக் கயிற்றால் கட்டிக் கடலில் இறக்கும் நம் கட்டுமரமும், இன்றைய பந்தய கேட்டமரானும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் பெயர் இங்கிருந்துதான் போனது. அந்தப் பெயரைக் கொடுத்த கரையிலிருந்து ஆட்கள் ஏன் போகவில்லை என்பதே கேள்வி.

துறைமுகம் கடலை இரண்டாகப் பிரித்தது

ஆங்கிலேயர் காலத்து மெட்ராஸுக்கு நெடுங்காலம் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கொண்டுவந்தவை மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும்தான். மசூலாவின் பலகைகளை ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். ஆளுநரே வந்தாலும் இந்தப் படகோட்டிகளை நம்பித்தான் கரையேற வேண்டும்.

1875-இல் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. 1881 நவம்பர் புயலில் பெரும்பகுதி சிதைந்து, மறுபடியும் கட்டினார்கள். கட்டி முடித்தபோது கடல் இரண்டாகிவிட்டது. சுவருக்கு உள்ளே, அலையில்லாத அமைதியான நீர். வெளியே, மணல் ஓட்டம் தடைபட்ட கடல். நம் கடற்கரையில் மணல் ஆண்டு முழுதும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்காக நகர்வது. துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் தின்றது. தெருத்தெருவாக வீடுகள் போயின. இன்று அங்கே நிற்பது கருங்கல் சுவர். கட்டுமரத்தைத் தள்ளி இறக்கவும், வலை காயவைக்கவும், பிள்ளைகள் அலையில் விளையாடவும் மணல் வேண்டும். மெரினா அழகானதற்கு வட சென்னை கொடுத்த விலை இது.

உள்ளே இருந்த அமைதியான நீர் யாருக்குப் போனது? 1911-இல் துறைமுக நிர்வாகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், துறைமுகத்துக்குள்ளேயே மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கினார். அதுதான் இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். துறைமுக வாசலுக்குள் காவலைத் தாண்டிப் போய்த்தான் அதை அடைய முடியும்.

அதே 1911-ஐ வேறொரு காரணத்துக்காகவும் நாம் நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆண்டுதான் பல்வங்கர் பாலூ என்ற தலித் பந்துவீச்சாளர் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். பூனாவில் வெள்ளையர் கிளப்பின் மைதானத்தில் வேலை செய்தவர் அவர். வலைப்பயிற்சியில் வெள்ளையர்களுக்குப் பந்து வீசி வீசியே கற்றுக்கொண்டார். அணியில் சேர்த்த பிறகும் அவருக்குத் தனிக் குவளையில் தேநீர் கொடுத்த நாடு இது. ஆனாலும் மைதானம் நிலத்தில் இருந்தது, வேலி தாண்டிப் பந்தைத் தொட ஒரு வழி இருந்தது. பாய்மரப் படகுக்கு அப்படி ஒரு வழி இருக்கவில்லை.

நாம் கப்பலேறிய விதம்

நம் மக்கள் கப்பலேறவே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் புறப்பட்டு நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை அடைந்தது. அதில் இருந்தவர்கள் 342 ஒப்பந்தக் கூலிகள். கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பட்டியல்களில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சாதியும் எழுதப்பட்டது. பறையர் என்ற பதிவு அவற்றில் திரும்பத் திரும்ப வரும். மொரீஷியஸ், பர்மா, மலேயா என்று நம் முன்னோர் போன கடல்வழிகள் எல்லாம் இப்படித்தான். கடல் தாண்டினால் தீட்டு என்று சாதி இந்துக்கள் கரையில் நின்ற காலத்தில், தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான் கடலைத் தாண்டினார்கள். ஆனால் படகோட்டிகளாக அல்ல, ஏற்றிச் செல்லப்பட்ட உழைப்பாக.

போகாதவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். ஹார்பர் வேலை என்றால் வட சென்னையில் எந்தத் தெருவில் யார் வீட்டில் சொல்லும் சொல் என்று நமக்குத் தெரியும். துறைமுகத்துக்குள் அவர்கள் தினமும் போனார்கள். அதே நீரில் மாலையில் பாய் விரித்தவர்கள் வேறு ஆட்கள்.

வட சென்னை மக்களுக்கு விளையாட்டு வராதா என்றால், அதற்கும் வரலாறே பதில் சொல்லும். குத்துச்சண்டை, கால்பந்து, காரம் மூன்றும் இந்த மண்ணில் ஊறியவை. 2021-இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ அந்தக் குத்துச்சண்டை மரபை எல்லோருக்கும் காட்டியது. 2024 காரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வட சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். தெருவில் ஆட இடமும், ஊரில் ஒரு கிளப்பும் இருந்தால் நம் பிள்ளைகள் உலகத்தை ஜெயிக்கிறார்கள். எந்த விளையாட்டின் கதவு திறந்திருந்ததோ அதில் நாம் இருக்கிறோம்.

பதக்கத்துக்குப் போன இரண்டு கதவுகள்

ஆசிய விளையாட்டில் பாய்மரப் படகுப் போட்டி 1970 பாங்காக்கில் அறிமுகமானது. அங்கேயே சோலி கான்ட்ராக்டர், பாசித் இணை இந்தியாவுக்கு வெண்கலம் வென்றது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலும் அவர்கள் ஓட்டினார்கள். 1982 டெல்லி ஆசியப் போட்டியின்போது டெல்லியில் கடல் இல்லாததால் இந்தப் போட்டி பம்பாயில் நடந்தது. ஃபரோக் தாராபூர், சரிர் கரஞ்சியா இணை தங்கம் வென்றது. 1994–95க்கான கேல் ரத்னா விருது ஹோமி மோதிவாலா, பி.கே. கார்க் என்ற இரு கடற்படை அதிகாரிகளுக்குப் போனது.

சென்னையின் முறை பின்னால் வந்தது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் வர்ஷா கௌதம், ஸ்வேதா ஷெர்வேகர் இணை வெள்ளியும், கே.சி. கணபதி, வருண் தக்கர் இணை வெண்கலமும் வென்றன. 2009-இல் சென்னையில் ஒரு கோடைகாலப் பயிற்சி முகாமில் பாய்மரம் பிடிக்கக் கற்ற நேத்ரா குமணன், 2021-இல் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் ராணுவ வீரர். 2023 ஹாங்சோவில் வெண்கலம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் இந்த இருவரும் போனார்கள்.

இவர்கள் யாருடைய உழைப்பையும் குறைத்துச் சொல்ல நாங்கள் வரவில்லை. நாங்கள் பார்ப்பது கதவுகளை. ஐம்பது ஆண்டுக் காலம் இந்தியாவில் இந்த விளையாட்டுக்கு முக்கியமாக இரண்டு கதவுகள் இருந்தன: ஒன்று கிளப், இன்னொன்று ராணுவம், கடற்படை. கிளப்புக்குள் நுழையச் சந்தா வேண்டும், தெரிந்தவர் வேண்டும், படகு வேண்டும், பிறகு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும். நேத்ரா ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் தங்கிப் பயிற்சி பெற வேண்டியிருந்தது. ராணுவம் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கொஞ்சம் திறந்த கதவுதான். ஆனால் அதுவும் எப்போதும் நமக்குத் திறந்திருக்கவில்லை. சுபேதார் ராம்ஜியின் மகன் அம்பேத்கர் பிறந்த சில ஆண்டுகளிலேயே மகர்களை ராணுவத்தில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ‘போர்க்குணம் உள்ள இனங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் நாம் இல்லை என்றார்கள்.

இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று கடந்துபோக முடியாது. பதக்கம் என்றால் கல்லூரி இடம், வேலை. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பொதுப்பணத்தில் கிடைக்கும் பலனுக்கான வழி தனியார் கிளப்பின் வாசலில் தொடங்கினால், அங்கே யார் வடிகட்டப்படுகிறார்கள் என்று கேட்பது நம் கடமை.

கடலே இல்லாத ஊர்

மூன்றாவது கதவு ஒன்றும் உண்டு. பிள்ளைகளுக்குக் காட்டிய அந்த 2023 ஹாங்சோ போட்டியில் இந்தியாவின் சிறந்த பாய்மரப் பதக்கம் எது தெரியுமா? பெண்களுக்கான ஐ.எல்.சி.ஏ. 4 பிரிவில் நேகா தாக்கூர் வென்ற வெள்ளி. அவருக்கு அப்போது 17 வயது. மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயி ஒருவரின் மகள். அவர் பயின்றது போபால் ஏரியில் இருக்கும் தேசியப் பாய்மரப் படகுப் பள்ளியில். அந்த மாநிலத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆனால் ஏரியில் ஒரு பள்ளி இருந்தது, பள்ளியில் படகு இருந்தது, தங்கவும் சாப்பிடவும் வழி இருந்தது. ஹைதராபாத்திலும் ஹுசைன் சாகர் ஏரியில் ஒரு கிளப் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்து, தேசியப் போட்டிகளுக்கு அனுப்பிவருகிறது.

கடல் இல்லாத ஊரிலிருந்து வெள்ளி வருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில், காட்டுப்பள்ளிப் பிள்ளை கைப்பேசியில் அதைப் பார்க்கிறாள். திறமை காற்றில் வருவதில்லை. யாருக்குக் கரையும் படகும் கொடுக்கப்படுகிறதோ அவர்களுக்கு வருகிறது.

காட்டுப்பள்ளியில் நடந்தது

இங்கே நடந்ததோ நேர் எதிர். 2000-களின் இறுதியில் கப்பல் கட்டும் தளத்துக்கும் துறைமுகத்துக்குமாகக் காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் மாற்றப்பட்டது. எல் அண்ட் டி கட்டிய துறைமுகம் 2013-இல் இயங்கத் தொடங்கியது. நிலம் விட்டுக் கொடுத்தவர்கள் பின்னால் நிரந்தர வேலை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. 2018 ஜூனில் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. சென்னை வீரர்கள் ஜகார்த்தாவில் பதக்கம் வாங்கியது அதற்கு இரண்டு மாதம் கழித்து. சுமார் 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டமும் வந்தது. அதன் மீதான மக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரிக்கு அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5-க்கு மறுபடி அறிவிக்கப்பட்டு மறுபடி தள்ளிப்போனது. அதே மாதம் 26-இல் நேகா வெள்ளி வென்றார். டிசம்பரில் மழைவெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தது. படகுகளும் வலைகளும் கறுத்தன.

துறைமுகம் வந்தால் வடக்கே கரை அரிக்கும் என்பதை ராயபுரமும் திருவொற்றியூரும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டன. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு.

நமக்குள்ளேயும் ஒரு சுவர்

இதுவரை சொன்னதை மீனவ இயக்கத் தோழர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இனி சொல்வது கொஞ்சம் கசக்கும். கரையில் எல்லோரும் சமமாக இருந்து, வெளியிலிருந்து வந்தவர்கள்தான் பிரித்தார்கள் என்று எழுதினால் அது பொய்.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். சண்டையில்லாமல் மீன்வளத்தைப் பகிரும் நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பாராட்டியது அது. ஆனால் அந்தச் சீட்டில் பெயர் வர வேண்டுமென்றால் குறிப்பிட்ட மீனவச் சாதியில், குறிப்பிட்ட ஊரில் தலைக்கட்டாக இருக்க வேண்டும். ஏரியைச் சுற்றி வாழும் தலித் மக்களுக்கும் இருளர்களுக்கும் அதில் இடமில்லை. இருளர்கள் சேற்று நீரில் முழங்காலிட்டு, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட வாயில் பனையோலைப் பறியைக் கவ்விக்கொள்கிறார்கள். படகு இல்லை, வலை இல்லை, பாடு இல்லை. எண்ணெய் படிந்தால் முதலில் உடம்பில் ஒட்டுவது அவர்களுக்குத்தான். படகு சேதம் என்று இழப்பீடு எழுதினால் அந்தக் கணக்கில் வராதவர்களும் அவர்கள்தான்.

எங்கள் வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையின் தாத்தா படகில் போகிறவர். அவள் பக்கத்தில் இருளர் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். காணொளியை அவனும் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. “இது எங்க தாத்தா பண்ற வேலதான” என்று சொல்ல அவனுக்குப் படகு இருந்ததே இல்லை. பாதிப் பதில் சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த பாடத்துக்குப் போனது அந்தப் பிள்ளைக்குச் செய்த தவறு என்றால், அவன் மௌனத்தைக் கவனிக்காமல் விட்டது அதைவிடப் பெரிய தவறு.

1927-இல் மகாடில் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக மட்டும் அல்ல. பொதுநீரில் நமக்கும் உரிமை உண்டு என்று நிலைநாட்டத்தான். குளத்துக்குச் சொன்னது ஏரிக்கும் கழிமுகத்துக்கும் கடலுக்கும் பொருந்தும்.

என்ன கேட்கப்போகிறோம்

ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டுப் பயிற்சி மையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. நல்லது. வட சென்னைக்கும் ஒன்று வேண்டும். எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் அரசு நடத்தும் பாய்மரப் படகுப் பள்ளி, கட்டணம் இல்லாமல், விடுதியோடு வேண்டும். படகு அரசினுடையதாக இருக்க வேண்டும். சேர்க்கையில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு இடம் எழுதியே வைக்க வேண்டும்; ‘மீனவப் பிள்ளைகள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருளர் பிள்ளை காணாமல் போகக் கூடாது. துறைமுகங்கள் நீரை எடுத்துக்கொள்ளும்போது, அதில் ஒரு பகுதியைப் பொதுப் பயிற்சிக்குத் திறந்துவிட வேண்டும் என்று கருத்துக்கேட்புக் கூட்டங்களில் நாம் எழுத்தில் கேட்க வேண்டும். கரையே இல்லாமல் போனால் பள்ளி இருந்தும் பயனில்லை என்பதால், துறைமுக விரிவாக்கத்துக்கு எதிரான குரலும் இதுவும் ஒரே கோரிக்கைதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர் ஏரியில், கழிமுகத்தில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது, யார் எந்தக் கருவியோடு இறங்குகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். பெரியவர்களிடம் கேளுங்கள், முக்கியமாகப் பெண்களிடம் கேளுங்கள். அந்தக் குறிப்புகள் இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் “இங்கெல்லாம் அப்படி ஒன்றும் இல்லை” என்று திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்த வகுப்பில் அந்தக் காணொளியை மறுபடி போட்டோம். இந்த முறை நேகாவின் கதையையும் பாடு முறையையும் சேர்த்தே சொன்னோம். கடைசியில் அந்தப் பையன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “அந்த ஏரில எறங்க யாருகிட்ட கேக்கணும் அக்கா?” யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று அவனிடம் சொன்னோம். அது உண்மையாக வேண்டும்.